ஈயம் பூசிய வால்வு

அன்றைக்கு மாமா அந்தப் பித்தளை வால்வைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் நான் வரைந்திருந்த தாளின் மேல் வைத்தபோது, "இது வேண்டாம் மாமா" என்று நான் ஏன் சொல்லவில்லை? இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லாமல் இல்லை. காலையில் ஒரு பதில் சரியாகத் தோன்றுகிறது, மாலையில் துணி மடிக்கும்போது வேறொன்று. எதுவும் மறுநாள்வரை நிற்பதில்லை.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் கட்டிய வீட்டில்தான் இருக்கிறோம். ஊர் ஊராகக் குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே அத்தை இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டார், செய்தித்தாள் படித்தார், கேட்டால் பதில் சொன்னார். அவ்வளவுதான். கொல்லைப்புறக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. முன்பென்றால் இரண்டாவது சொட்டு விழுவதற்குள் ஸ்பேனரோடு நிற்பார். இப்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

கணவருக்குச் சென்னையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு போவார். சென்னையில் ஒரு கடையில் கடல் தொட்டியைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. வீட்டிலேயே சின்னதாக ஒரு பவளத்திட்டு. உப்புத் தண்ணீர், பாறை, அதில் ஒட்டி வளரும் உயிர்கள், கோமாளி மீன், இறால். நான் சிதம்பரத்தில் விலங்கியல் படித்தவள். மகள் பிறந்த பிறகு அந்தப் படிப்பு பீரோவில் சான்றிதழாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்: "தொட்டிய நீயும் அப்பாவும் சேந்து பிளான் பண்ணுங்க. உன் படிப்புக்கும் வேலை, அவருக்கும் கை ஓடும்." பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "அவரு சொல்றதுக்கு ரொம்ப எதிர்த்துப் பேசாத. இப்பதான் கொஞ்சம் வாய தொறக்குறாரு."

அந்தக் கோடையில் மகளுக்குப் பள்ளி விடுமுறை. ஆறு வயது. நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். நான் இணையத்தில் படித்து நோட்டில் எழுதியதைத் தமிழில் சொல்வேன். மாமா அதைக் குழாய்க் கணக்காக மாற்றுவார். அவள் கலர் பென்சிலில் தண்ணீர் போகும் வழிக்கெல்லாம் நீலம் தீட்டுவாள்.

மாமாவுக்கு அது உடனே பிடிபட்டது எனக்கே ஆச்சரியம். நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி மேலே. அதன் மூலையில் தடுப்பு. நிரம்பி வழியும் தண்ணீர் தடுப்பைத் தாண்டி விழுந்து குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி, பிறகு பம்ப், பம்பிலிருந்து திரும்ப மேலே. நான் சொல்லி முடித்ததும் அவர் பேனாவை எடுத்து மேல் தொட்டிக்கு மேலே "மாடி டேங்க்" என்றும், கீழே "சம்ப்" என்றும், நடுவில் "மோட்டார்" என்றும் எழுதினார். வீடு மாதிரிதானே, இதுக்கா இவ்வளவு இங்கிலீஷ் என்றார்.

மூன்று விஷயங்களில் அவர் பேச்சை நான் மறுத்தேன். எண்ணி வைத்திருந்தேன், அதுதான் பிறகு வினையாகிவிட்டது.

முதலாவது தண்ணீர். தேவனாம்பட்டினம் சைக்கிளில் கால் மணி நேரம், கடல் அங்கே சும்மா கிடக்கிறது, நீ உப்பைக் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கச் சொல்கிறாயே என்றார். கரையோரத் தண்ணீரில் ஆற்றோடு என்னென்னவோ வந்து கலக்கிறது, அந்த உயிர்கள் தாங்காது என்றேன். "சரி, உப்பு உன் டிபார்ட்மெண்ட்டு" என்று விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது, கீழே இறங்க இரண்டு குழாய் வேண்டும் என்றேன். ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றொன்று காப்பாற்றும்.

"ஒரு வூட்டுக்கு ரெண்டு சாக்கடையா? யாரும்மா அடைக்கப் போறா?"

"நத்தை மாமா. நத்தை போய் குழாய்ல உக்காந்துடுமாம்."

அவர் சிரித்தார். அத்தை போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "முப்பது வருஷ சர்வீஸ்ல நத்தைக்குன்னு பைப்பு போட்டதில்ல" என்றார். ஆனால் போட்டார்.

மூன்றாவது ஓட்டை. மின்சாரம் நின்றால் பம்ப் நிற்கும். மேலே போகும் குழாயின் வாய் தண்ணீருக்குள் இருப்பதால், தண்ணீர் அதே வழியில் உறிஞ்சப்பட்டுக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சம்ப் நிரம்பிக் கூடத்தில் ஓடும். நம் ஊரில் மின்வெட்டு தினமும். ஆகவே நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் சின்ன ஓட்டை ஒன்று போட வேண்டும். காற்று புகுந்ததும் உறிஞ்சல் அறுந்துவிடும். நல்ல பைப்பில் தெரிந்தே ஓட்டை போடுவதா என்று மாமா அரை நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவரே டேப்பை வைத்து அளந்து, மின்சாரம் போனால் எத்தனை லிட்டர் இறங்கும், சம்பில் எத்தனை லிட்டருக்கு இடம் விட வேண்டும் என்று பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டினார். மகளுக்கும் விளக்கினார். அவள் அந்த ஓட்டைக்குச் சிவப்பு தீட்டினாள்.

நான்காவதாகத்தான் அந்த வால்வு வந்தது.

கீழே இறங்கும் குழாயில் தண்ணீர் கொடகொடவென்று சத்தம் போடாமலிருக்க ஒரு வால்வு வைத்து அளவாகத் திருகிவிட வேண்டும். நான் பிளாஸ்டிக் பந்து வால்வு என்று எழுதியிருந்தேன். அதில் நூல் பிடித்தாற்போல் திருக முடியாது, திறந்தால் திறக்கும் மூடினால் மூடும், இதற்குக் கேட் வால்வுதான் சரி என்றார் மாமா. அது உண்மை. நான் படித்ததும் அதையே சொன்னது. ஆனால் பிளாஸ்டிக்கில் கேட் வால்வு கடலூரில் எந்தக் கடையிலும் இல்லை. சென்னையில் தேடச் சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவர் உள்ளே போய் அத்தையின் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பித்தளை கேட் வால்வு. இந்த வீடு கட்டியபோது மாடித் தொட்டிக்குப் போட்டதாம். குழாய்களை மாற்றியபோது கழற்றிப் போட்டதை, பித்தளைச் சாமானை எறியக் கூடாது என்று அத்தை எடுத்து, விளக்குகளோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவர் அதன் சக்கரத்தைத் திருகிக் காட்டினார். சத்தமே இல்லாமல் சுழன்றது.

"இதுக்குன்னே வெச்சிருந்தா போல இருக்கு பாரு" என்றார்.

பவளம், இறால், நத்தை வைக்கும் தொட்டியில் செம்பும் பித்தளையும் கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் பித்தளையில் இருக்கும் செம்பைக் கரைக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு செம்பே முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொன்றுவிடும். இதை நான் இணையத்தில் படித்திருந்தேன். கல்லூரியிலும் படித்திருந்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் என் கையெழுத்தில், அடிக்கோடிட்டு இருந்தது.

நான் சொன்னது இதுதான்: "உப்புத் தண்ணிக்குப் பித்தளை களிம்பு ஏறும் மாமா."

உயிர் போகும் என்று சொல்லவில்லை. களிம்பு ஏறும் என்றேன், ஏதோ பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல. அவரும் பாத்திரத்துக்குச் சொல்லும் பதிலையே சொன்னார்.

"அதுக்கு என்னாம்மா. ஈயம் பூசிட்டா போச்சு."

பித்தளை அடுக்கில் புளிக்குழம்பு வைக்க நம் வீடுகளில் அதைத்தானே செய்கிறோம்? அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஈயம் பூசினால் செம்பு தண்ணீரில் படாது, படாவிட்டால் கரையாது என்று எனக்கு நானே பாடம் நடத்தினேன். வால்வுக்குள் ஒரு தகடு ஏறி இறங்கும், ஒவ்வொரு முறை திருகும்போதும் அது உரசும், ஈயம் தேயும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஏற்கெனவே மூன்று முறை மறுத்தாயிற்று, நான்காவது முறையும் மருமகள் வாயைத் திறந்தால் நன்றாயிருக்குமா என்ற எண்ணமும் இருந்தது. அன்று சாயங்காலமே அவர் திருப்பாதிரிப்புலியூரில் ஈயம் பூசுகிறவரைத் தேடிப் போய்விட்டார். பல மாதங்களுக்குப் பிறகு தனியாக வெளியே போனார். போகும்போது தலை வாரியிருந்தார்.

கல் போன்ற பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால், காளான்போல் மெத்தென்று விரியும் வகைகளை மட்டும் வாங்கினோம். பாறை, நத்தை நாலைந்து, இரண்டு கோமாளி மீன், கடைசியாக ஓர் இறால். சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீண்ட வெள்ளை மீசை. மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் செய்து பிழைக்கும் சாதி அது. கையை உள்ளே நீட்டினால் மேலே ஏறி நகக்கண்களைக் கொத்திச் சுத்தம் செய்யும். மகளுக்குக் கூச்சம் தாங்காது, ஆனால் கையை எடுக்க மாட்டாள். பள்ளியிலிருந்து வந்ததும் கையைக் கழுவி முழங்கைவரை துடைத்துக்கொண்டு மாமாவிடம் போய் நிற்பாள். அவர் ஸ்டூலில் ஏற்றிவிடுவார். அவளுடைய நகத்துக்கு வீட்டிலேயே ஆள் வைத்திருக்கிறாள் மகாராணி என்று கேலி செய்வார். தினமும் ஒரு தடவையாவது வால்வைக் கால் சுற்று திருகி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி திருகி வைப்பார்.

புரட்டாசி முடிவில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழ ஆரம்பித்தன. முதல் நத்தையை நான் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போட்டேன். இரண்டாவதையும். காளான்கள் சுருங்கின. தண்ணீர் மாற்றினேன். மீன்கள் மட்டும் எப்போதும்போல் நீந்தின. செம்பு என்றால் அப்படித்தான் நடக்கும் என்று புத்தகம் சொன்னபடியே நடந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள் மகளுக்கு மருதாணி வைத்தேன். தீபாவளியன்று எல்லோரும் பட்சணத் தட்டுகளோடு அலைந்த நேரத்தில் அவளே ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, சிவந்த கையை இறாலிடம் காட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் இறால் பாறைக்கு அடியில் செத்துக் கிடந்தது.

கணவர் பண்டிகை விடுப்பில் இருந்தார். கையைக் கழுவினாயா என்று கேட்டார். கழுவினேன் என்றாள். மாமா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதட்டவில்லை. மிகவும் மெதுவாகத்தான் கேட்டார்.

"மருதாணிக் கையோட உட்டியா கண்ணு?"

அவள் என்னைப் பார்த்தாள். தோசைக் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். நத்தைகள் அதற்கு மூன்று வாரம் முன்பே செத்ததை அந்த வீட்டில் அறிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு வாக்கியம் போதும். தோசை கருகுகிறது என்று உள்ளே போய்விட்டேன்.

அந்த வாரமே ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். என்னோடு படித்தவள் ஒருத்தி அங்கே கடலுயிர் ஆய்வில் இருக்கிறாள். சோதனைக் குழாயில் மருந்தைச் சொட்டியதும் நிறம் மாறியது. "ஏன்டி, செம்பு. எங்கருந்து வந்துச்சு? நீ இதெல்லாம் படிச்சவதானே" என்றாள். பழைய குழாய் என்று சொன்னேன். அவளிடமும் மாமாவைச் சொல்லவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்தேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது ஒரு மாதிரி அமைந்துவிட்டது: மாமா, தப்பு என்னுது, முன்னாடியே சொல்லியிருக்கணும். வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா தொட்டிக்கருகே சம்மணமிட்டு அமர்ந்து வால்வில் காதை வைத்திருந்தார். மகளைக் காணோம். கொல்லையில் துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மருதாணி போகவில்லை. தோல் போயிருந்தது.

நாரைப் பிடுங்கிக்கொண்டு, தானாகப் போய்விடும், தேய்க்காதே என்றேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். "உன்னால இல்லடி" என்று சொல்லவில்லை. சொன்னால் "அப்ப யாரால?" என்று கேட்பாள். மாமா பத்தடி தூரத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும்விட மோசம். இறால், நத்தையெல்லாம் நமக்கு ஒத்துவரவில்லை, இனிமேல் மீன் மட்டும் போதும் என்று அறிவித்தேன். வால்வு இருந்த இடத்தில் இருக்கலாம், யார் மனமும் நோகாது, மீன் பிழைத்துக்கொள்ளும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அன்று நினைத்தேன். மகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பிறகுதான் புரிந்தது. தான் செய்த குற்றத்துக்காக அந்தச் சாதியையே வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்டூலில் ஏறுவதை விட்டுவிட்டாள்.

போன வருடக் கடைசியில் வந்த புயலில் கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. மாமா வாளியால் மொண்டு மொண்டு ஊற்றிக் காற்று கலக்கப் பார்த்தார். ஐந்தாம் நாள் மீன்களும் போயின. தொட்டியைக் கழற்றினோம். வால்வைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே பச்சையாகக் களிம்பு. தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாதி நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஈயம் தேஞ்சிடுச்சும்மா" என்றார். அவ்வளவுதான். புளி கேட்டு வாங்கிப்போய்த் தேய்த்தார்.

இந்தக் கோடையில் என் தம்பிக்குக் குழந்தை பிறந்தது. சிதம்பரத்தில் தொட்டிலிடும் விசேஷம். முந்தின நாள் பெண் குழந்தைகளெல்லாம் மருதாணிக்கு வரிசையாகக் கையை நீட்டினார்கள். என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடமாக அப்படித்தான், வாசனை பிடிக்கவில்லை என்பாள், நானும் அதை நம்புவதாக வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் தம்பி மனைவி குழந்தையை அவள் மடியில் வைக்கப் போனாள். இவள் எழுந்து சுவரோரம் போய்விட்டாள்.

"வேணாம் அத்தை. எனக்குக் கைராசி இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வயதில் பேச்சைப் பார் என்று யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள்.

கடலூர் திரும்பியதும் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். பள்ளியில் விதை நடச் சொன்னபோதுகூடத் தன் பூந்தொட்டியில் பக்கத்துப் பெண்ணை நடச் சொன்னாளாம். "நான் தொட்டா செத்துடும்மா" என்றாள். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. தன் சட்டை அளவைச் சொல்வதுபோல் சொன்னாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு, அப்படியெல்லாம் இல்லை என்றேன். காரணம் சொல்லாத சமாதானத்தைக் குழந்தைகள் நம்புவதில்லை.

இப்போது என்னவென்றால், மாமா மறுபடியும் தொட்டி போடலாம் என்கிறார். பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துவிட்டார், நீலமும் சிவப்பும் தீட்டியது. வால்வுக்கு இந்த முறை இரண்டு பூச்சு ஈயம் பூசப் போகிறாராம். இறாலும் வாங்கலாம், பேத்திக்குப் பிடிக்கும் என்கிறார். அவள் அவரிடம் "வேணாம் தாத்தா, மறுபடியும் செத்துடும்" என்றாள். அவர் அவள் தலையைத் தடவி, "இந்த வாட்டி மருதாணி வெக்காம உடு கண்ணு, ஒண்ணும் ஆவாது" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை அவளுக்குள் எங்கே போய் உட்கார்ந்தது என்று நான் அவள் முகத்தில் பார்த்தேன்.

கணவரிடம் போனில் முழுவதும் சொன்னேன். அப்பாவிடம் சொல்லாதே, பாப்பாவிடம் மட்டும் சொல் என்றார். எட்டு வயதுக் குழந்தை தாத்தாவிடம் எதை மறைக்கும்? மறைத்தாலும், நான் சுமந்ததை அவள் தலைக்கு மாற்றியதாகிவிடாதா? தண்ணீரில் நான்தான் ஏதோ மருந்தைத் தவறிப்போய் ஊற்றினேன் என்று ஒரு கதை கட்டலாமா என்றும் யோசித்தேன். வால்வும் தப்பிக்கும், அவள் கையும் தப்பிக்கும். ஆனால் ஒரு பொய்யை வைத்து வளர்ந்ததை இன்னொரு பொய்யை வைத்து அறுக்க முடியுமா? மாமாவிடம் நேராகச் சொல்லலாம். அவர் கோபிக்க மாட்டார். அதுதான் பயம். வால்வைச் செய்தித்தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, மறுபடியும் சொட்டுகிற குழாயைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பேத்தியின் கையைத் திருப்பிப் பார்த்த அந்தக் காலை அவருக்கு நினைவு வரும்.

ஈயம் பூசுகிறவர் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாராம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது, பெரியவர் ஒருவருக்காக வாயை மூடிக்கொண்டு அதன் விலையைப் பிள்ளையிடம் வாங்கியிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். நான் யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், அவரிடமா, அவளிடமா? இருவரையும் அந்த மேசையில் ஒன்றாக உட்காரவைத்தா? எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும்? முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தாலும் போதும். மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.